ஆச்சியோட கிரைண்டரும் ஒத்த எழுத்து இனிஷியலும்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லாருக்கியளா. இன்னைக்கும் அதே மொட்டமாடி, அதே தண்ணி டேங்க், அதே கருப்பட்டி காப்பி. டம்ளர் மட்டும் வேற, பழசு போன வாரம் கைப்பிடிச் சுவருல வச்சிருந்தேன், குரங்கு தட்டி விட்டுட்டு. மாஞ்சோலை வீடியோ ரெண்டாவது பாகம் எப்போன்னு கேட்டுக்கிட்டே இருக்கிய, வரும், கண்டிப்பா வரும். ஆனா இன்னைக்கு வேற ஒண்ணு பேசியே ஆவணும், வியாழக்கெழமைலேர்ந்து மண்டைக்குள்ள அதான் ஓடிக்கிட்டு இருக்கு.

ஆச்சிக்குப் புது கிரைண்டர் வாங்கியாச்சு!

நம்ம வீட்டு பழைய கிரைண்டர் உங்களுக்குத்தான் தெரியுமே, சொதி வீடியோல பின்னாடி கடகடன்னு சத்தம் கேக்கும்லா, அதேதான். கல்லு தேஞ்சு உளுந்து திப்பி திப்பியா வந்துது. அதனால நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டைல ஒரு கடைக்குப் போனோம். டேபிள்டாப், 2 லிட்டர், சாய்ச்சு மாவு வழிக்கிற மாதிரி வருதுல்லா அந்த வகை. அட்டைல 5,600 போட்டிருந்துது. கடைக்கார அண்ணாச்சி 5,400ன்னாவ. ஆச்சி அங்கன கெடந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. அவ உக்காந்தாலே எனக்குத் தெரியும், இன்னைக்கு மத்தியானம் ஷிஃப்டுக்கு நான் லேட்டுதான். 5,200, 5,100, அப்புறம் அண்ணாச்சி உள்ள போயிட்டு வந்து 5,000ன்னாவ, ஆச்சி எந்திரிச்சு செருப்பு போட்டுட்டா, படியில ஒரு கால் வச்சுட்டா, 4,950! எனக்கு கைதட்டணும்போல இருந்துது. இல்ல இல்ல, 4,900, கடைசியா ஆட்டோவுக்குன்னு ஒரு 50 ரூவா கொறச்சாவ, அத விட்டுட்டேன். தேங்கா துருவுற சாமானும் சேத்துக் குடுத்தாவ, அது தனியா வாங்குனா தண்டக் காசு.

சரி, விஷயத்துக்கு வாறேன். வீட்டுக்கு வந்து பெட்டியப் பிரிச்சா உள்ள ஒரு சீட்டு, 15 நாளுக்குள்ள ஆன்லைன்ல பேரப் பதிஞ்சாதான் வாரண்டியாம். க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணுனேன், ஃபார்ம் தெறந்துது. ஃபர்ஸ்ட் நேம், ஆச்சி பேரப் போட்டேன், சரி. லாஸ்ட் நேம்ல 'எஸ்' போட்டேன். செவப்புல ஒரு வரி, கொறஞ்சது 2 எழுத்து வேணுமாம். சரின்னு 'எஸ்' போட்டு பக்கத்துல புள்ளி வச்சேன். ஸ்பெஷல் கேரக்டர் கூடாதாம். எடுத்துட்டு காலியா விட்டேன். கட்டாயம் நெரப்பணுமாம். ஆச்சி பக்கத்துல நின்னு எட்டிப் பாத்துட்டு, "ஏட்டி, எம்பேரு அதுக்குப் பிடிக்கலயாக்கும்?"ன்னு கேட்டா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு.

எதுக்குன்னா அந்த 'எஸ்' யாரு? எங்க தாத்தா. ஆச்சி பேருக்கு முன்னால நிக்குத 'சு' எங்க தாத்தா பேரோட மொத எழுத்து. அவிய போயி 9 வருசமாச்சு. ரேஷன் கார்டுல, பேங்க் புஸ்தகத்துல எல்லாம் அந்த ஒத்த எழுத்தாத்தான் அவிய ஆச்சி கூட இருக்காவ. அது பத்தாது இன்னொரு எழுத்து கொண்டான்னு ஒரு ஃபார்ம் கேட்டா எங்க போயி வாங்கியார?

இதுல கோவம் என்னன்னா அந்த கிரைண்டர் அமெரிக்காவுலேர்ந்து வரல, கோயம்புத்தூர்ல செஞ்சது! கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு, நம்ம பத்தமடைப் பாய்க்கு இருக்குற மாதிரி. தமிழ்நாட்டுல செஞ்சு, தமிழ்நாட்டுல வித்து, ஆச்சிமாரு மாவரைக்குத சாமானுக்கு, இனிஷியல் போட்ட பேர ஏத்துக்கிடாத ஃபார்ம். நமக்கு ஏது சர்நேம்? இங்க அப்பா பேரு, இல்லன்னா மாப்பிள்ள பேரு, அதுல மொத எழுத்து, அம்புட்டுதான்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர், தப்பு கண்டுபிடிக்குத வேலைங்கது உங்களுக்குத் தெரியும், எனக்கு இத விட முடியாது. லேப்டாப்ப எடுத்து அதே பக்கத்தத் தெறந்து எஃப்12 தட்டுனேன், பக்கத்துக்குப் பின்னால உள்ள கோடு தெரியும். அந்தா இருக்கு, மின்லென்த் 2ன்னு, கொறஞ்சது 2 எழுத்துன்னு அர்த்தம். ஒத்த எண்ணு. யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து, ஒத்த எழுத்துல யாருக்கும் பேரு இருக்காதுன்னு நெனச்சு அடிச்ச 2.

அப்பதான் ஒரு யோசனை, தமிழ்லயே போட்டுப் பாத்தா என்ன? 'சு'ன்னு அடிச்சேன். ஏத்துக்கிட்டு மக்களே! செவப்பு வரி காணல. நான் கத்துன கத்துல ஆச்சி பயந்துட்டா.

ஏன் ஏத்துக்கிட்டுன்னா, இத செத்த நேரம் கேளுங்க, ரொம்ப அழகான விஷயம். நமக்கு 'சு' ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு. எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு எண்ணு குடுக்குற பட்டியல்தான் யூனிகோடு, அதுல 'ச' தனி எண்ணு, உகரக் கொக்கி தனி எண்ணு, ரெண்டையும் சேத்துதான் 'சு'ன்னு காட்டுது. 1991-ல யூனிகோட் மொத பதிப்பு வந்த காலத்துலேர்ந்து தமிழ் அப்பிடித்தான் அதுல இருக்கு. பிரவுசர் எண்ணும்போது நம்ம எழுத்த எண்ணாது, அந்த எண்ணுகளத்தான் எண்ணும். திருநெல்வேலின்னு எழுதிப் பாருங்க, தி, ரு, நெ, ல், வே, லி, நமக்கு 6. அதுக்கு 12. சேமிச்சு வைக்கயில யூடிஎஃப்-8ங்குற முறைல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட்டு, ஆக மொத்தம் 36 பைட்டு நம்ம ஊரு!

ஒடனே என் பேரையும் போட்டுப் பாத்தேன். எங்க அப்பா பேரு 'க'ல ஆரம்பிக்குது. வெறும் 'க'. கொக்கியும் இல்ல, காலும் இல்ல. அதுக்கும் அது ஒண்ணுதான். செவப்பு வரி! அப்ப பாருங்க, சுப்பையா மகளுக்கு வாரண்டி உண்டு, கணேசன் மகளுக்குக் கெடையாது. இதுக்குப் பேரு லாஜிக்காம். இத்தனைக்கும் 2021 டிசம்பர்ல நம்ம அரசாங்கமே இனிஷியலையும் தமிழ்லயே எழுதணும்னு அரசாணை போட்டிருக்கு.

சரி, ஆச்சிக்கு ஏத்துக்கிட்டுல்லா, சப்மிட் குடுத்தேன், பச்சை டிக் வந்துது, நான் போயி ஒரு காப்பி போட்டு... இல்ல, அதுக்கு முன்னால பொறந்த தேதி கேட்டுது, அத மறந்துட்டேன். கிரைண்டருக்கு எதுக்குப் பொறந்த தேதி? ஆச்சி ஆடி மாசம் பொறந்தவ, ஆடி அமாவாசை கழிச்சு மூணாம் நாள்னு அவ அம்மா சொன்னத இன்னும் சொல்லுவா. ஆதார்ல ஜனவரி 1. நம்ம ஊரு தாத்தா ஆச்சிமாரு பாதிப் பேருக்கு ஜனவரி 1தான, வயசச் சொல்லிப் பதிஞ்சவியளுக்கெல்லாம் அதான் போட்டாவ. அதையே போட்டேன்.

மாவட்டமும் கேட்டுது. அதுல தென்காசியே இல்ல! 2019 நவம்பர்ல பிரிஞ்ச மாவட்டம் இது. சங்கரன்கோயில்ல இருக்குத எங்க பெரியம்மா இதே கிரைண்டர் வாங்குனா அவ எந்த மாவட்டம்னு போடுவா? சவத்தத் தள்ளு, அது தனி வீடியோ.

காப்பி ஆறல, ஆச்சி போனுக்கு மெசேஜ் வந்துது. டியர்னு போட்டு ஆச்சி பேரு இங்கிலீஷ்ல சரியா இருக்கு. இனிஷியல் வரவேண்டிய எடத்துல ரெண்டு கேள்விக்குறி. எண்ணிப் பாருங்க, ரெண்டு. ச-வுக்கு ஒண்ணு, கொக்கிக்கு ஒண்ணு. ஃபார்ம் தமிழ வாங்கிக்கிட்டு, மெசேஜ் அனுப்புற எடத்துல யூனிகோட் போடல, தெரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கி அனுப்பிட்டு. யூனிகோடுல அனுப்புனா ஒரு மெசேஜுக்கு 70 எழுத்துதான், இங்கிலீஷ்ல 160, காசு மிச்சம்னு விட்டாவளோ என்னவோ. ஆச்சி கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, "இது என்னட்டி தாத்தா இருக்க எடத்துல கேள்வி கேட்டு வச்சிருக்கான்?"ங்கா.

கஸ்டமர் கேருக்கு அடிச்சேன். 22 நிமிசம் பாட்டு. எடுத்த பிள்ள நல்ல பிள்ள, மதுரைப் பக்கம் பேச்சு. "அக்கா, எல்லாரும் 'எஸ்'ஸ மூணு தடவ அடிச்சு விட்ருவாங்க, நீங்களும் அப்பிடியே போட்ருங்களேன்"ன்னுச்சு. பாருங்க, அவியளுக்கே தெரியும்! நாளைக்குக் கல்லு ஓடலன்னு போனா, பில்லுல ஒரு எஸ், வாரண்டில மூணு எஸ்ஸு, பேரு ஒத்துப் போகலன்னு திருப்பி அனுப்புனா யாரு கேப்பா? நான் முடியாதுன்னுட்டேன். கம்ப்ளைண்ட் நம்பர் வாங்கி வச்சிருக்கேன்.

கிரைண்டர்ங்கதால ஒரு வாரண்டியோட போச்சு, பாஸ்போர்ட்டுன்னா? என் கூடப் படிச்சவ ஒருத்தி அமெரிக்கா போனா, அவ பாஸ்போர்ட்ல ஒத்தப் பேருதான். அத சர்நேம்ல போட்டுட்டு, ஃபர்ஸ்ட் நேம்ல எஃப் என் யூன்னு விசால அடிச்சுக் குடுத்துட்டாவ. ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், பேரு தெரியாதுன்னு அர்த்தம். ஆபீஸ் பேட்ஜ்ல, பேங்க் கார்டுல எல்லாம் அதான் பேரு. அங்க உள்ளவிய இவள "ஃப்னு, ஃப்னு"ன்னு கூப்பிட்டாவளாம். அப்பா அம்மா ஆசையா வச்ச பேரு இருக்க, பேரு தெரியாதவன்னு ஒரு பேரு. துபாய்க்கும் அப்பிடித்தான், 2022 நவம்பர்ல பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரு மட்டும் இருந்தா விசிட் விசா இல்லன்னுட்டாவ. நம்ம ஊரு மேலப்பாளையத்துல எம்புட்டு வீடு பதறிச்சு தெரியுமா. பொறவுதான் கடைசிப் பக்கத்துல அப்பா பேரு இருந்தாப் போதும்னு தளத்துனாவ.

எங்க ஆபீஸ் கதைக்கு வாறேன், இன்னைக்கு வீடியோ போட்டதே இதுக்குத்தான். நாங்க செய்யுத ஆப்லயும் இதே லாஸ்ட் நேம் கட்டாயம், இதே மின்லென்த் 2. நான் மார்ச் மாசமே பக், அதாவது இது தப்புன்னு புகார், போட்டிருந்தேன். "ஒர்க்ஸ் அஸ் டிசைண்ட்"னு, அது அப்பிடித்தான் இருக்கணும்னு சொல்லி மூடிட்டாவ. திரும்பத் தெறந்தேன், திரும்ப மூடுனாவ. வியாழக்கெழம அந்தக் கேள்விக்குறியப் பாத்த கையோட மூணாந்தடவ தெறந்து, ஆச்சி போன் மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதுல ஒட்டிட்டேன்.

சாயங்காலம் 6:30க்கு மீட்டிங் கால், நியூயார்க்ல உள்ளவியளுக்குக் காலைல 9 மணி. அங்க உள்ள ப்ராடக்ட் மேனேஜர், ஒத்த எழுத்துல லாஸ்ட் நேம் வச்சிருக்கவிய உலகத்துல எத்தன பேரு இருப்பாவன்னு கேட்டாரு. நான் மைக்க ஆன் பண்ணி, எங்க தெருவுக்கு வாங்க, எண்ணிக் காட்டுதேன்னேன். வ.உ.சி. மைதானம் எங்க வீட்டுலேர்ந்து நடக்குத தூரம், அந்த மனுசன் பேருல உ-ங்கது அவிய அப்பா உலகநாதன், 1906-ல வெள்ளக்காரனுக்கு எதிரா கப்பல் கம்பெனி ஆரம்பிச்சவரு, அவரு நம்ம ஆப்ல அக்கவுண்ட் தெறக்க முடியாதுன்னேன். அது அவருக்கு எட்டல. சரின்னு அடுத்தது எடுத்தேன், 1961-லேர்ந்து 1971 வரைக்கும் ஐ.நா. சபை பொதுச்செயலாளரா இருந்த பர்மாக்காரர் ஊ தாண்ட், அதுல 'ஊ'ங்கது நம்ம 'திரு' மாதிரி மரியாதைக்குப் போடுறது, அவரு பேரே வெறும் தாண்ட்தான். நியூயார்க்ல உங்க ஊர்லயே 10 வருசம் இருந்தாரு, அவருக்கு லாஸ்ட் நேம் என்ன போடுவிய? ஒரு நிமிசம் சத்தமே இல்ல. அப்புறம் எங்க டீம்ல ஹைதராபாத் தம்பி ஒருத்தன், பேச மாட்டான் சாதாரணமா, அவனும் மைக்க ஆன் பண்ணி, எங்களுக்கு வீட்டுப் பேரு முன்னால வரும், எல்லா ஃபார்ம்லயும் என் பேர மாத்தி மாத்திக் கூப்பிடுதானுவன்னான். கொரியாக்கார அம்மா ஒருத்திய, அவிய டிசைனர், எங்க ஆளுகள்ல 'ஓ'ன்னு ஒத்த எழுத்து சர்நேமே இருக்குன்னாவ. கால் முடியயில எல்லாரும் அவிய அவிய பேருக் கதைய சொல்லிக்கிட்டு இருக்காவ, 30 நிமிச கால் ஒண்ணேகால் மணி நேரம் ஓடிட்டு!

அந்த பக் புகார ஏத்துக்கிட்டாவ. இனிமே ரெண்டு பெட்டி கெடையாது, முழுப் பேருன்னு ஒரே பெட்டி, கீழ உங்கள எப்படிக் கூப்பிடணும்னு ஒண்ணு, அது விருப்பமிருந்தா. புள்ளி வைக்கலாம், தமிழ் அடிக்கலாம். 'கோ'ங்குற எழுத்த ரெண்டு விதமா டைப் பண்ணலாம் தெரியுமா, ஒரே குறியாவும் வரும், கொம்பு தனி கால் தனியாவும் வரும், பாக்க ஒண்ணு போல இருக்கும், தேடுனா கிட்டாது, கோமதின்னு தேடுனா பாதி கோமதி காணாமப் போயிருவா. அதையும் நான் சேத்துச் சொல்லிட்டேன், அதுவும் செய்யுதாவ.

டெஸ்ட் ஷீட்டு நேத்து ராத்திரி உக்காந்து எழுதுனேன், 64 வரி. மொத வரில ஆச்சி பேரு, 'சு', புள்ளியோட. ரெண்டாவது என் பேரு, வெறும் 'க'. அப்புறம் இசக்கிய இங்கிலீஷ்ல எத்தன விதமா எழுதுவாவளோ அத்தனையும், ஈ போட்டு, ஐ போட்டு, ரெண்டு எஸ் போட்டு. நம்ம ஊர்ல ஒரே வீட்டுல அண்ணனுக்கு ஒரு மாதிரி தம்பிக்கு ஒரு மாதிரி இருக்கும்லா. உங்க பேரு எதுலயாவது சிக்கியிருந்தா எழுதுங்க, 65-லேர்ந்து சேத்துக்கிடுதேன், புதன்கெழமைக்குள்ள வேணும், வியாழக்கெழம ரிலீஸ்.

கிரைண்டர் எப்படி அரைக்குதுன்னு சொல்லவே இல்லயே. இட்லி அரிசி 40 நிமிசம், உளுந்து அரை மணி நேரம், பொங்கப் பொங்க வந்துது, பழைய கல்லுல இப்பிடிப் பாத்தே ரெண்டு வருசமாச்சு. சத்தமும் இல்ல, சொதி வீடியோ இனி நிம்மதியா எடுக்கலாம். துருவுற சாமான் மட்டும் சரியில்ல, தேங்கா பூவா விழல, சில்லு சில்லா விழுது, ஆச்சி அத எடுத்து பரண்ல போட்டுட்டு அருவாமணைல உக்காந்துட்டா.

இந்தா, கீழேர்ந்து கூப்பிடுதா. மாவு வழிக்கணும், நான் வாறேன்.