மூன்று எண்ணில் ஒரு ஸ்வரம்

நண்பர்களே, மேசையில் இருக்கும் இந்தச் சின்னப் பலகை ஆர்டுயினோ லியோனார்டோ, நாமே நிரல் எழுதி இயக்கும் ஒரு மின்னணுப் பலகை. அதில் ஒரே ஒரு பட்டன். அழுத்துகிறேன்: வீணை. கணினியின் இசை மென்பொருளில் வாத்தியத்தை மாற்றிவிட்டு அதே பட்டனை அழுத்துகிறேன்: புல்லாங்குழல். இப்படி மாறியது பலகைக்குத் தெரியவே தெரியாது.

ஏனென்றால் பலகையிலிருந்து கணினிக்குக் கேபிளில் போவது ஒலி அல்ல, மூன்று எண்கள். 144, 60, 100. முதலாவது, ‘ஒன்றாம் சேனலில் ஸ்வரத்தைத் தொடங்கு’ என்ற கட்டளை; சேனல் என்றால் ஒரு வாத்தியத்துக்கான தனி வழி. 60 என்பது பியானோவின் நடு சி. 100, எவ்வளவு அழுத்தித் தட்டினோம் என்பது, உச்சம் 127. பட்டனுக்கு அதெல்லாம் தெரியாது, நானாக வைத்த எண்தான். இதுதான் மிடி (MIDI), இசைக்கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் பொது மொழி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில், அமெரிக்க வடிவமைப்பாளர் டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600, ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-6 என்ற இரண்டு போட்டி நிறுவனத்து மின்னணு இசைக்கருவிகளை இணைத்துக் காட்டினார்கள். அன்றைய அதே மூன்று எண்தான் இன்றும்.

லியோனார்டோவின் சிப்பே யூஎஸ்பி பேசும். அதனால் கணினி இதை ஓர் இசைக்கருவியாகவே எடுத்துக்கொள்கிறது. ஊனோ என்ற பழைய ஆர்டுயினோ பலகை என்றால் நடுவில் ஒரு பாலம் மென்பொருள் வேண்டும்.

முதல் நாள் ராத்திரி நான் 144 அனுப்பினேன், நிறுத்தச் சொல்லும் 128-ஐ அனுப்ப மறந்துவிட்டேன். ஆர்கன் விடாமல் கத்தியது. பதறிப்போய்ப் பலகையைப் பிடுங்கினேன். அப்போதும் கத்தியது! சத்தம் இருப்பது கணினியில் அல்லவா? தொடங்கச் சொன்னவன் போய்விட்டான், நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

அப்புறம் பட்டன் தொல்லை. அழுத்தும்போது உள்ளே தகடு சில மில்லி விநாடி துள்ளும். ஒரு தட்டுக்கு நாலு ஸ்வரம் கேட்கும். முதல் தொடுகைக்குப் பிறகு ஒரு பத்து மில்லி விநாடி காதைப் பொத்திக்கொள் என்று நிரலில் எழுதினால் சரி.

நமக்குப் பெரிய சங்கடம், ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம். 60-க்கு அடுத்தது 61. நடுவே எண்ணே கிடையாது. ஆனால் சுருதியை வளைக்கத் தனிக் கட்டளை உண்டு: 0 முதல் 16383 வரை, 8192 என்றால் வளைவில்லை. பெரும்பாலான மென்பொருளில் மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு. பலகையோடு இணைத்திருக்கும் இந்தத் திருகு 0 முதல் 1023 வரை எண் தரும். பதினாறால் பெருக்கி அனுப்புகிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த வளைவு சேனல் முழுவதற்கும் பொருந்தும். போன தடவை ரிஷபத்தை அசைத்தபோது தம்புராவும் சேர்ந்து ஆடியது. இன்று தம்புராவை இரண்டாம் சேனலுக்கு, 145-க்கு, மாற்றியிருக்கிறேன். திருகுகிறேன், கேளுங்கள்.