ஒரே பேர், ரெண்டு நாடு: சிட்னிக்கு டிக்கெட் போட்டா பனியில போய் நிக்கிறது எப்படி?

2017 மார்ச் மாசம். நெதர்லாந்தைச் சேர்ந்த 18 வயசுப் பையன் ஒருத்தன் சிட்னிக்குக் கிளம்புறான். ஆஸ்திரேலியா, கடற்கரை, வெயில், இதுதான் திட்டம். டிக்கெட்டும் மத்ததை விட மலிவா கிடைச்சிருக்கு. ஆம்ஸ்டர்டாம்ல ஏறி, டொரான்டோவுல இறங்கி, அடுத்த விமானத்துக்குப் போய்ப் பார்த்தா, அங்க நிக்கிறது ஒரு குட்டி விமானம். பசிபிக் கடலைத் தாண்டுற சைஸே இல்ல.

போய் இறங்கினது சிட்னிதான். அதுல பொய் இல்ல. ஆனா அது கனடாவுல, நோவா ஸ்கோஷியா மாகாணத்துல, கேப் பிரெட்டன் தீவுல இருக்கிற சிட்னி. வெளிய பனி!

அவனைப் பார்த்துச் சிரிக்காதீங்க. 2002-லயே ஒரு பிரிட்டிஷ் ஜோடி இதே மாதிரி அதே ஊர்ல போய் இறங்கியிருக்காங்க. இன்னொரு விஷயம் கேளுங்க: ரெண்டு சிட்னியில மூத்தது எது? கனடா சிட்னி! அது 1785-ல உருவானது. ஆஸ்திரேலியா சிட்னி 1788. அப்போ பிரிட்டன்ல உள்துறை அமைச்சரா இருந்தவர் லார்ட் சிட்னி. ரெண்டு ஊருக்கும் அவர் பேரைத்தான் வெச்சாங்க. மேலதிகாரி பேரை ஊருக்கு வெச்சா நமக்கு நல்லதுன்னு ரெண்டு கவர்னரும் தனித்தனியா யோசிச்சிருக்காங்க போல. அதுக்கு 200 வருஷம் கழிச்சு நம்ம பையன் விலை கொடுத்திருக்கான்.

சரி, ஒரே பேர் ரெண்டு நாட்டுல எப்படி வருது? சீக்கிரமா சொல்லிட்டுப் போயிடறேன், ஏன்னா சுவாரசியம் அதுக்கு அப்புறம்தான் இருக்கு. குடியேறினவங்க பேரையும் மூட்டை கட்டிக்கிட்டுப் போறது ஒண்ணு. கனடாவுல லண்டன்னு ஒரு ஊர் இருக்கு, அது நடுவுல ஓடுற ஆத்துக்குப் பேர் தேம்ஸ், அந்த மாவட்டத்துக்குப் பேர் மிடில்செக்ஸ். விட்டா மழையையும் கொண்டு போயிருப்பாங்க. ரெண்டாவது, ஒரே ஊர் நடுவுல எல்லைக்கோடு விழுறது. மூணாவது, சும்மா தற்செயல். கேரளாவுல கொச்சி, ஜப்பான்ல கோச்சி. ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

இந்த மூணுலயும் அடங்காம நாலாவதா ஒரு வகை இருக்கு. ஒரே பெரியவரோட பேரை ரெண்டு ராஜாக்கள் தனித்தனியா எடுத்து வெக்கிறது. அதுக்கு உதாரணம் ஹைதராபாத். இந்த வீடியோவுல பாதி இதுக்குத்தான் போகப் போகுது, முன்னாடியே சொல்லிட்டேன்.

[திரையில்: ரெண்டு வரைபடம் பக்கத்துப் பக்கத்துல. இடது பக்கம் மூசி ஆறு, வலது பக்கம் சிந்து நதி]

'ஹைதர்'னா சிங்கம். இஸ்லாமிய மரபுல, முகம்மது நபியோட மருமகன் அலிக்குப் பட்டப்பேர். 'ஆபாத்'னா குடியிருப்பு. தக்காணத்துல முகம்மது குலி குதுப் ஷா 1591-ல உருவாக்கினது ஒரு ஹைதராபாத். சிந்து மாகாணத்துல மியான் குலாம் ஷா கல்ஹோரோ 1768-ல உருவாக்கினது இன்னொண்ணு. இப்போ அது பாகிஸ்தான்ல, சிந்து நதியோட கிழக்குக் கரையில இருக்கு. ரெண்டும் நகரம் மட்டும் இல்ல, ரெண்டு நாட்டுலயும் ஹைதராபாத்னு ஒரு மாவட்டமும் இருக்கு.

எதுக்காகப் புது ஊர் கட்டினாங்கன்னு பாருங்க. குதுப் ஷாகிகள் இருந்தது கோல்கொண்டாவுல. அங்க கூட்டம் பெருகிப்போச்சு, தண்ணி பத்தல. அதனால மூசி ஆத்துப் பக்கம் வந்தாங்க. கல்ஹோராக்கள் இருந்தது குதாபாத்ல. அங்க சிந்து நதி திசை மாறி வெள்ளத்துல ஊரையே அடிச்சுது. அதனால மேட்டுப் பக்கமா வந்து கோட்டை கட்டினாங்க. ஒருத்தர் தண்ணி இல்லாம இடம் மாறினாங்க, இன்னொருத்தர் தண்ணி தாங்காம மாறினாங்க. போய்ச் சேர்ந்த ஊருக்குப் பேர் மட்டும் ஒண்ணு!

பிரிட்டிஷ் காலத்துல ரெண்டு ஹைதராபாத்துக்கும் ஒரே இந்தியாவுக்குள்ள தபால் போகணும். அதனால பேருக்குப் பின்னாடி ஒரு வால். ஒண்ணு 'ஹைதராபாத் தக்கன்', இன்னொண்ணு 'ஹைதராபாத் சிந்து'. 1947-ல சிந்து வேற நாடாப் போச்சு. ஆனா வால் போகல. இன்னிக்கும் நாம்பள்ளி ரயில்வே ஸ்டேஷனுக்கு ரயில்வே வெச்சிருக்கிற பேர் 'ஹைதராபாத் தக்கன்'தான். அடுத்த முறை அந்த ஸ்டேஷன்ல இறங்கினா போர்டை நிமிர்ந்து பாருங்க.

இப்போ வளையல். ரெண்டு ஊருமே வளையலுக்குப் பேர் போனது! சார்மினார் பக்கத்துல லாட் பஜார்ல செய்யறது அரக்கு வளையல். கரி அடுப்புல அரக்கை இளக்கி, கையால உருட்டிக் குச்சி மாதிரி நீட்டி, வட்டமா வளைச்சு, ரெண்டு முனையையும் சூட்டுல ஒட்டவெச்சிடுவாங்க. அரக்கு இளகி இருக்கும்போதே கல்லை ஒவ்வொண்ணா எடுத்து அழுத்திப் பதிக்கணும். ஆறிப்போச்சுன்னா கல் உட்காராது, மறுபடி சூடு காட்டணும். சிந்து ஹைதராபாத்ல செய்யறது கண்ணாடி வளையல். உலையில உருகின கண்ணாடியை, சுத்துற உருளையில ஸ்பிரிங் மாதிரி சுத்தி எடுப்பாங்க. அந்த ஸ்பிரிங்கை நீளவாக்குல ஒரு கோடு அறுத்தா, வாய் திறந்த வளையமா ஒவ்வொண்ணா பிரியும். பிரிஞ்ச முனை ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்காது. அதைச் சின்னத் தீயில காட்டி மட்டம் பண்றது ஒரு வேலை, ஒட்டறது இன்னொரு வேலை. இதெல்லாம் வீடுகள்ல, பெரும்பாலும் பெண்கள் செய்யறது. ஒட்டு சரியா விழலைன்னா போட்ட அன்னிக்கே அந்த இடத்துல உடையும். கண்ணாடி வளையல் வாங்கும்போது உள்பக்கமா விரலை ஓட்டிப் பாருங்க, ஒட்டு தட்டுப்படும்.

வளையல் முடிஞ்சுது, பேக்கரி. இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். இந்தியா ஹைதராபாத்ல ரொம்பப் புகழ்பெற்ற பேக்கரியோட பேர் என்ன? கராச்சி பேக்கரி. பிரிவினைக்கு அப்புறம் சிந்துல இருந்து வந்த குடும்பம் 1953-ல ஆரம்பிச்சது, ஃப்ரூட் பிஸ்கட்டுக்குப் பேர் போனது. பாகிஸ்தான் ஹைதராபாத்ல ரொம்பப் புகழ்பெற்ற பேக்கரி? பாம்பே பேக்கரி! 1911-ல ஆரம்பிச்சது, அங்க காபி கேக்தான் விசேஷம். இந்த ஊர்ல அந்த நாட்டுப் பேர், அந்த ஊர்ல இந்த நாட்டுப் பேர். கதையில எழுதினா 'ஓவரா இருக்கு'ன்னு எடிட்டர் வெட்டிடுவார்.

இதோட நிக்கல. பாகிஸ்தான் ஹைதராபாத்தோட எஸ்.டி.டி. கோடு 022. நம்ம நாட்டுல 022 எந்த ஊர்? மும்பை! அதாவது +91 22-ன்னு அடிச்சா மும்பை, +92 22-ன்னு அடிச்சா பாம்பே பேக்கரி இருக்கிற ஹைதராபாத். நடுவுல ஒரே ஒரு எண்தான் வித்தியாசம்.

க்விஸ் போறவங்களுக்கு ஒண்ணு. ஒருநாள் கிரிக்கெட்ல முதல் ஹாட்ரிக் விழுந்தது ஹைதராபாத்ல, 1982-ல. உடனே உப்பல் மைதானம்னு எழுதிடாதீங்க. அது சிந்து ஹைதராபாத் நியாஸ் ஸ்டேடியம். பாகிஸ்தானோட ஜலாலுதீன் ஆஸ்திரேலியாவுக்கு எதிரா எடுத்தது.

பிரியாணி பத்தியும் கேப்பீங்க. தக்காண ஹைதராபாத்ல பச்சைக் கறியை ஊறவெச்சு, அரைவேக்காட்டு அரிசியை மேல போட்டு, மாவால மூடி தம் போடுவாங்க. சிந்தி பிரியாணியில உருளைக்கிழங்கும் ஆலு புகாராவும் (அதாவது உலர்ந்த பிளம்ஸ்) விழும். எது ஒசத்தின்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா ஆம்பூர்க்காரங்களும் திண்டுக்கல்காரங்களும் சேர்ந்து கமெண்ட்ல வருவாங்க.

அடுத்தது, கோடு கிழிச்சுப் பிரிஞ்ச ஊர்கள். 1947-ல வங்காளத்தைப் பிரிச்சப்போ தினாஜ்பூர் மாவட்டம் ரெண்டாச்சு. அந்தப் பக்கம், இப்போ பங்களாதேஷ்ல, தினாஜ்பூர். இந்தப் பக்கம் மேற்கு தினாஜ்பூர். அதையும் 1992-ல வடக்கு, தெற்குன்னு பிரிச்சு உத்தர் தினாஜ்பூர், தக்ஷிண் தினாஜ்பூர் ஆக்கிட்டாங்க. தெற்குல ஹிலின்னு ஒரு ஊர். எல்லைக்கு அந்தப் பக்கமும் ஹிலி. ரயில்வே ஸ்டேஷன் பங்களாதேஷுக்குப் போச்சு. லாரியில சரக்கு ஹிலியில இருந்து ஹிலிக்குப் போகுது, அதுக்குச் சுங்கச் சாவடி!

ஆனா இந்த வகையில உச்சம் 'பார்ல'ங்கிற ஊர். நெதர்லாந்துல பார்ல-நாசாவ், பெல்ஜியத்துல பார்ல-ஹெர்டாக். ரெண்டும் ஒரே ஊர்தான். பெல்ஜியத்துக்குச் சொந்தமான 22 துண்டு நிலம் நெதர்லாந்துக்குள்ள தீவு மாதிரி கிடக்கு. அந்தத் துண்டுகளுக்குள்ள மறுபடி நெதர்லாந்துத் துண்டு 7. இட்லிக்குள்ள வெச்ச பூரணத்துக்குள்ள இன்னொரு இட்லி. இதுல ரொம்பச் சின்ன பெல்ஜியத் துண்டு 2,632 சதுர மீட்டர். நம்ம கணக்குல 65 சென்ட். ஒரு தோப்பு அளவு கூட இல்ல, அதுக்கு சர்வதேச எல்லை!

1198-ல பிரபான்ட் கோமகனும் பிரெடா பிரபுவும் நிலத்தைப் பங்கு போட்டதுல வந்த வினை இது. ஹெர்டாக்னாலே கோமகன்னு அர்த்தம். 1843-ல எல்லை போட உட்கார்ந்தவங்களால இங்க கோடு இழுக்க முடியல. 5,732 நிலத்தை ஒவ்வொண்ணா எழுதி, இது உனக்கு, இது எனக்குன்னு பட்டியல் போட்டாங்க. பட்டாத் தகராறுல உள்ளூர் சர்வேயர் படுற பாடு தெரியும்ல? அதை ரெண்டு நாடு பட்டுச்சு.

வீட்டுக்குள்ள எல்லை போனா அந்த வீடு எந்த நாடு? முன்வாசல் எந்தப் பக்கமோ அந்த நாடு. வரி, குப்பை, எல்லாம் வாசல் கணக்கு. வரியோ கட்டட அனுமதியோ சாதகமா இல்லைன்னா, வாசலை நாலடி தள்ளி வெச்சு நாடு மாறினவங்க உண்டு. லோவரன் தெருவுல ஒரு வீட்டுல எல்லைக்கோடு கதவுக்கு நடுவுலயே போகுது. அந்தக் கதவுக்கு ரெண்டு நம்பர், இடது பக்கம் ஒரு நாடு, வலது பக்கம் ஒரு நாடு. 2020 கொரோனாவுல பெல்ஜியம் கடைகளை மூடச் சொல்லுச்சு, நெதர்லாந்து சொல்லல. எல்லை நடுவுல போற ஒரு துணிக்கடையில, பெல்ஜியப் பாதியை மட்டும் மறிச்சு, மீதிப் பாதியில வியாபாரம் பண்ணாங்க. வாஸ்து பார்க்கிறவங்க அங்க போனா தலை சுத்திடும்.

இப்போ உங்களுக்கு ஆகற வேலை. ஒரே பேர்ல மாட்டாம இருக்கணும்னா எதைப் பார்க்கணும்?

விமானத்துல ஊர்ப்பேரை நம்பாதீங்க, விமான நிலையத்தோட மூணெழுத்துக் குறியீட்டை (code) பாருங்க. ஆஸ்திரேலியா சிட்னி எஸ்.ஒய்.டி. கனடா சிட்னி ஒய்.க்யூ.ஒய். கனடாவுல பெரும்பாலான விமான நிலையக் கோடு ஒய்-லதான் ஆரம்பிக்கும், அதனால ஒய் வந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. ஹைதராபாத் எச்.ஒய்.டி., சிந்து ஹைதராபாத் எச்.டி.டி. கொச்சி சி.ஓ.கே., ஜப்பான் கோச்சி கே.சி.இசட். தப்பு நடக்கிற இடம் புக்கிங் பக்கத்துல இருக்கிற தேடல் பெட்டி. ரெண்டு எழுத்து அடிச்சதுமே பட்டியல் விழும், அவசரத்துல கை தவறும், விலை கம்மியா இருக்கவும் மனசு கேள்வி கேக்காது. அதனால பெட்டியில ஊர்ப்பேருக்குப் பதிலா அந்த மூணெழுத்தையே அடிங்க. அப்புறம் நடுவுல எந்த ஊர்ல மாறணும், மொத்தம் எத்தனை மணி நேரம்னு பாருங்க. ஐரோப்பாவுல இருந்து ஆஸ்திரேலியா சிட்னிக்கு 20 மணி நேரத்துக்கு மேல ஆகும். பாதி நேரத்துல போகுதுன்னா அது வேற ஊர். கடைசி வாய்ப்பு, செக்-இன்ல பெட்டியில ஒட்டற டேக். அதுல பெரிய எழுத்துல இருக்கிற மூணெழுத்தைப் படிச்சுட்டுதான் பெட்டியை விடணும்.

பார்சல்ல, நாட்டோட பேரைக் கடைசி வரியில தனியா, பெரிய எழுத்துல, சுருக்காம எழுதுங்க. பின்கோடு எத்தனை இலக்கம்னு பாருங்க. இந்தியாவுல 6, பாகிஸ்தான்லயும் அமெரிக்காவுலயும் 5. தக்காண ஹைதராபாத் 500001-னு ஆரம்பிக்கும், சிந்து ஹைதராபாத் 71000.

நம்ம சேலத்துக்கும் இதே தொல்லை உண்டு. அமெரிக்காவுல ஓரிகான் மாநிலத் தலைநகர் சேலம், 1692-ல சூனியக்காரிகள்னு சொல்லி 19 பேரைத் தூக்குல போட்ட மாசசூசெட்ஸ் ஊரும் சேலம். அதெல்லாம் பைபிள் பேர், நம்ம சேலத்துக்குச் சம்பந்தமே இல்ல. போன்ல வெதர் ஆப் திறந்து, மே மாசம் சேலத்துல 9 டிகிரின்னு காட்டினா, சந்தோஷப்படாம நாட்டை மாத்துங்க. நம்ம சேலம் 636001. மாசசூசெட்ஸ் சேலம் 01970. ஆன்லைன் கடை நடத்துறவங்க இதைக் கவனிக்கணும்: எக்செல்ல 01970-னு அடிச்சா முன்னாடி இருக்கிற பூஜ்யத்தை அது முழுங்கிடும், 1970-னு நாலு இலக்கம்தான் நிக்கும். லேபிள் அப்படியே பிரிண்ட் ஆகி பார்சல் திரும்பி வரும். அந்த நெடுவரிசையை (column) டெக்ஸ்ட்டா மாத்திட்டு அப்புறம் அடிங்க.

உங்க ஊர்ப்பேர்ல வேற நாட்டுல ஊர் இருந்தா கமெண்ட்ல போடுங்க. பின்கோடையும் சேர்த்துப் போடுங்க, இல்லைன்னா நீங்க எந்த ஊரைச் சொல்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?