பனகல் பூங்காவின் மண்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை தியாகராய நகரின் நடுவில் இருக்கும் பனகல் பூங்காவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்களில் பலருக்கு அது பஸ் நிறுத்தத்தின் பெயர். அந்தக் கம்பிவேலிக்குள் இருக்கும் மண் ஊருக்கு என்ன செய்கிறது என்பதுதான் என் பேச்சு.

அங்கே முன்பு இருந்தது ஏரி. மாம்பலம், நுங்கம்பாக்கம் பக்கம் நீளமாகக் கிடந்த அந்த ஏரியை ஆங்கிலேயர்கள் லாங் டேங்க் என்றார்கள். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், 1923 முதல் 1925 வரை, ஏரியின் ஒரு பகுதியை வடித்து மனைகளாக்கினார்கள். குடியிருப்புக்குப் பிட்டி தியாகராயரின் பெயர். பூங்காவுக்கு 1921 முதல் 1926 வரை மாகாண முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர். உஸ்மான் சாலை, வெங்கட்நாராயணா சாலை, ஜி.என். செட்டி சாலை, தியாகராய சாலை எல்லாம் வந்து சேரும் இடத்தில் பூங்கா. அன்று சுற்றிலும் தோட்டம் வைத்த வீடுகள். இன்று அந்தத் தோட்டங்கள் கடைகளாகவும் அடுக்குமாடிகளாகவும் ஆகிவிட்டன. மழை மண்ணைத் தொடுவதற்கு அந்த வட்டாரத்தில் மிஞ்சியிருப்பது இந்தப் பூங்கா மாதிரி சில துண்டுகள்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 40,000 லிட்டர். 2015 டிசம்பர் 1 காலை முதல் 2 காலை வரை 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் சுமார் 29 செ.மீ. பதிவானது. அப்படியானால் ஒரு ஏக்கருக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல். இதை ஏரிக்களிமண் தானாகக் குடித்துவிடாது. நனைந்த களி ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டர்தான் உறிஞ்சும். அதனால்தான் இப்படிப்பட்ட பூங்காவில், மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறு வேண்டும்.

3 அடி விட்டத்தில், 15 அடி ஆழத்துக்குக் குறையாமல் தோண்டி, பக்கவாட்டில் துளையிட்ட சிமென்ட் உறைகளை இறக்க வேண்டும். ஆழக் கணக்கைவிட முக்கியம், களி அடுக்கைத் தாண்டி மணலைத் தொட்டோமா என்பது. களியிலேயே நிறுத்திய கிணறு ஒரு மழைக்கு நிரம்பிவிட்டு வாரக்கணக்கில் கொசு வளர்க்கும். பல இடங்களில் உறைகிணற்றை விளிம்புவரை ஜல்லி போட்டு நிரப்பிவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் ஜல்லிக்கு நடுவில் வண்டல் அடைத்துக்கொள்ளும். இறங்கித் தூர்வார வழி கிடையாது. உள்ளே காலியாக விட்டு, மேலே துளையுள்ள கான்கிரீட் மூடி போட வேண்டும். தண்ணீர் வரும் வழியில் 2 அடிச் சதுரத்தில் வண்டல் தொட்டி ஒன்று. அதை செப்டம்பர் மாதத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அள்ளிவிட வேண்டும்.

கிணறு நன்றாக இருந்தும் நீர் வராமல் போவதுண்டு. நடைபாதை ஓரத்தில் கட்டும் அந்த அரை அடிக் கரைக்கல்தான் காரணம். பாதையில் விழுந்த மழை கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புல்தரைக்குப் போக முடியாமல், பாதையிலேயே ஓடி, கேட் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். பத்தடிக்கு ஒரு கல்லை எடுத்துவிட்டாலே போதும். செடி வைக்கும் மண் எப்போதும் பாதையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அழகுக்காக மேடு கட்டினால் சேறும் பாதைக்கு வரும்.

மரங்களுக்கு வருகிறேன். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. குல்மோகர், பெருங்கொன்றை போன்றவற்றின் கட்டை எளிதில் முறியும். ஆனால் மரத்தின் வகையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கேபிளுக்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டிவிடுகிறோம். வயரில் படுகிறது என்று ஒரு பக்கக் கிளையை மட்டும் கழிக்கிறோம். அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசுகிறோம். அடிமரத்தைச் சுற்றி 3 அடியாவது வெறும் மண்ணாக விட வேண்டும். கிளை கழிப்பதற்கும் முறை இருக்கிறது. முதல் அறுப்பு அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் கால் பங்கு. இரண்டாவது, அதற்கு இரண்டு விரல் வெளியே, மேலிருந்து முழுதாக. கடைசியில் மிஞ்சிய கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் இருக்கும் தடித்த வளையத்துக்கு வெளியே எடுக்க வேண்டும். கீழ் அறுப்பு இல்லாமல் மேலிருந்தே வெட்டினால் கிளை சாயும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறி, சில ஆண்டுகளில் மரம் உள்ளே பொக்கையாகிவிடும்.

காலையும் மாலையும் நடப்பவர்களுக்கென்று எட்டு வடிவப் பாதை முதல் உடற்பயிற்சிக் கருவி வரை எல்லாம் செய்கிறோம். மதியத்தை மறந்துவிடுகிறோம். தி. நகரில் மதியம் நிழல் தேடுகிறவர்கள் யார்? கடையில் நாளெல்லாம் நின்று வேலை செய்யும் பெண்கள், சுமை இறக்குபவர்கள், உணவு கொண்டுபோகும் இளைஞர்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்திருத்தமே தமிழ்நாட்டில் 2021-ல்தான் வந்தது. அவர்களுக்குச் சாப்பாட்டு வேளையில் பூங்காவின் கேட் திறந்திருக்க வேண்டும்; குடிநீரும், தாழ்ப்பாள் விழும் கழிப்பறையும் இருக்க வேண்டும். மதியம் பூட்டிவைக்கும் பழக்கத்தை எந்தப் பூங்காவுக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்காவுக்குச் சுரங்க நிலையம் வருகிறது. அந்த வேலைக்காகப் பூங்காவின் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள். நிலையம் ஊருக்கு வேண்டியதுதான். திருப்பித் தரும்போது மேலே எவ்வளவு மண் போடுவார்கள் என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். கான்கிரீட் கூரைக்கு மேல் ஓரடி மண் இருந்தால் புல் வளரும். இரண்டடியில் செடி வரும். நிழல் தரும் புங்கனும் மகிழமும் நிற்க வேண்டுமானால் நான்கைந்து அடி மண் வேண்டும், அதன் அடியில் நீர் வடிய ஜல்லிப் படுகையும் வேண்டும். கூரை கட்டும்போதே அந்தப் பாரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பிறகு மண்ணைக் கூட்ட முடியாது. பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம். மெட்ரோ நிறுவனத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவும் போடலாம். நிலையத்துக்கு மேல் மண் எத்தனை அடி, கூரை எவ்வளவு பாரம் தாங்கும், மழைநீர் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளையும் அதில் தனித்தனியாக எழுதுங்கள்.

நன்றி. வணக்கம்.