உயிர்வேலி அடியில ஓட்டை விழுதா? முதல் வெட்டு எங்கேன்னு பாருங்க!

[காட்சி: மேலே அடர்ந்த பச்சை, அடியில் வெறும் குச்சியாக நிற்கும் வேலி]

இந்த வேலியைப் பாருங்க. இடுப்புக்கு மேல ஒரு விரல் நுழையாது. முழங்காலுக்குக் கீழே ஆட்டுக்குட்டி தாராளமா உள்ளே போயிரும். செடியில குறை கிடையாது, உரத்துலயும் குறை கிடையாது. முதல் வருஷம் வெட்ட வேண்டிய இடத்துல வெட்டல, அவ்வளவுதான். எங்கே வெட்டணும்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி செடியை முடிவு பண்ணிடுவோம்.

வேலி யாரைத் தடுக்கணும்? இந்தக் கேள்விதான் முதல்ல.

ஆளும் மாடும் வரக்கூடாதுன்னா முள் வேணும். என் ஓட்டு களாவுக்கு. கெட்டியான முள், வருஷம் பூரா இலை, வறட்சியும் தாங்கும். வளர்ச்சி மட்டும் மெதுவு. விதையைப் பழத்துலேருந்து எடுத்த கையோட விதைச்சிடணும், நாளாக ஆக முளைப்பு போயிரும். கிளுவை போத்து, அதாவது வெட்டின கிளையை, நட்டாலே வேர் பிடிச்சிரும். ஆனா கோடையில இலை கொட்டிரும், அப்போ மறைப்பு இருக்காது. கொடுக்காப்புளி வேகமா வரும், கத்தரி படாம விட்டா மரமாயிரும்.

ஆடுதான் தொல்லைன்னா ஆடாதொடை. பேரைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க: ஆடு தொடாத இலை! செடிக்குப் பேர் வச்சவங்க, அதை எங்கே நடணுங்கிற குறிப்பையும் பேருக்குள்ளயே வச்சுட்டுப் போயிருக்காங்க. இலை அவ்வளவு கசப்பு. குச்சி நட்டாலே துளிர்க்கும். நொச்சியும் இதே ரகம்.

வெறும் பார்வை மறைப்புக்கு மருதாணி, இட்லிப்பூ, செம்பருத்தி. செம்பருத்தியில மாவுப்பூச்சி வரும், கவனம். பூ புதுக் கிளையிலதான் வரும்கிறதால, அடிக்கடி வெட்டினா பூ குறையும்.

அரளி வேண்டவே வேண்டாம். வேர் முதல் பூ வரைக்கும் விஷம், வெட்டின கழிவை எரிச்சா புகையும் ஆபத்து. துரந்தாவோட மஞ்சள் காயும் விஷம், சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல வைக்காதீங்க. உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் வேலியோட நிக்காது, தோட்டத்துக்குள்ள இறங்கிரும்.

நடவு சுருக்கமா. செடியை ரெண்டு வரிசையா நடணும். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துல வாய்க்கால். மூணு பங்கு மேல்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம். வெளி வரிசை எல்லைக்கோட்டுலேருந்து 2 அடி உள்ளே இருக்கட்டும், இல்லேன்னா வெளிப்பக்கம் வெட்டப் பக்கத்து நிலத்துல நிக்கணும். ரெண்டு வரிசைக்கும் நடுவுல 1 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி, ஒரு வரிசையோட இடைவெளிக்கு நேரா அடுத்த வரிசைச் செடி. 100 அடி நீளத்துக்கு 134 செடி ஆகும். 150 எடுத்து, மிச்சத்தைப் பையிலேயே வளருங்க. காஞ்ச இடத்துல அதே வயசுச் செடி வைக்கணும். சின்னதா வச்சா பக்கத்துச் செடி நிழல்ல அது எழும்பவே எழும்பாது.

[காட்சி: இளஞ்செடியின் தண்டு, கத்தரி]

இப்போ கத்தரிக்கு வருவோம். செடியோட நுனிமொட்டு ஆக்சின்னு ஒரு ஹார்மோனைக் கீழே அனுப்புது. அது இறங்குற வரைக்கும் பக்க மொட்டுகள் தூங்கும். நுனியை எடுத்தா, வெட்டுக்குக் கீழே இருக்கிற மொட்டுகள் முழிச்சுக்கும். கிளை வெட்டின உயரத்துலதான் பிரியும். 4 அடியில வெட்டினா 4 அடியிலதான் அடர்த்தி. அந்த ஓட்டை வேலியோட முழுக் கதையும் இதுதான்.

அதனால செடி வேர் பிடிச்சுப் புதுத் தளிர் விட்டதும், தரையிலேருந்து முக்கால் அடியில வெட்டுங்க. ஆமா, 2 அடிச் செடியை முக்கால் அடிக்கு! மனசு வராது. இருந்தாலும் வெட்டுங்க. புதுக் கிளை ஒரு அடி வந்ததும் பாதியை எடுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் வேலி அரை அடிதான் ஏறணும். 5 அடி வர ரெண்டு மூணு வருஷம் ஆகும், அடியிலேருந்து இலை நிக்கும்.

வடிவமும் முக்கியம். மணல் குவியல் மாதிரி அடி அகலம், தலை குறுகல். 5 அடி வேலிக்கு அடியில 3 அடி, மேல 2 அடி. நேர்மாறா விட்டா மேல் கிளை நிழல் விழுந்து கீழ் இலை உதிர்ந்துரும்.

ஏற்கனவே ஓட்டை விழுந்த வேலியா? மருதாணி, செம்பருத்தி, ஆடாதொடைன்னா மழை தொடங்கும்போது தரையிலேருந்து ஒரு அடிக்கு வெட்டிடலாம், திரும்பத் துளிர்க்கும். சைப்ரஸ் வேலியில இதைச் செஞ்சிடாதீங்க. இலை இல்லாத பழைய கட்டையிலேருந்து அது துளிர்க்காது, அப்படியே நின்னுரும்.

உங்க வேலியில கத்தரி வைக்கலாமான்னு சந்தேகம் இருந்தா செடி பேர், வயசு, உயரம் மூணையும் கமெண்ட்ல எழுதுங்க. பதில் பார்த்துட்டு வெட்டுங்க.