ஊசி வலியா, காத்திருக்கிற வலியா?

நடுவர் அவர்களே, வணக்கம். குழந்தைக்காக ஐ.வி.எஃப்., அதாவது முட்டைய வெளிய எடுத்து லேப்ல கருவாக்கி திரும்ப உள்ள வைக்கிற ட்ரீட்மெண்ட், எடுக்குற பொண்ணுங்க மனச ரொம்ப வாட்டுறது ஊசியா காத்திருப்பான்னு தலைப்பு குடுத்திருக்கீங்க, நான் காத்திருப்பு பக்கம். எனக்கு முன்னாடி பேசுன அண்ணன் ஊசி, ஹார்மோன், வயிறு வீக்கம்னு ஒரு மெடிக்கல் ஷாப்பையே மேடைக்கு தூக்கிட்டு வந்துட்டார். பொய்யில்ல. ஆனா அண்ணே, நீங்க பேசுனீங்க, நான் குத்திக்கிட்டேன், ரெண்டு ரவுண்டு, ரவுண்டுக்கு பத்து நாளுக்கு மேல, அதனால கொஞ்சம் கேளுங்க.

ஊசிக்கு சார்ட் இருக்கு. இத்தனை நாள், இந்த டோஸ், முட்டை எடுக்க கிட்டத்தட்ட 36 மணி நேரம் முன்னாடி முட்டைய கடைசியா முதிர வைக்கிற ட்ரிக்கர் ஊசி, முடிஞ்சுது. அப்புறம் போன பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருவோம் பாருங்க, அதுக்கு எந்த கடையில மருந்து விக்குது? ஒரு பேச்சுக்கு 12 முட்டை எடுத்தாங்கன்னு வைங்க, சந்தோஷமா வீட்டுக்கு வந்து படுத்தா மறுநாள் போன், 9 தான் முதிர்ந்துதாம் 6 தான் கருவாச்சாம், அஞ்சாம் நாள் இன்னொரு போன், 2 தான் தேறுச்சாம். போன் வர வர நம்பர் இறங்கும், ஏறுனதா சரித்திரமே இல்ல.

சரி, கரு உள்ள வச்சாச்சு. ரத்த டெஸ்டுக்கு இன்னும் ஏறக்குறைய 2 வாரம். அதுவரைக்கும் கரு தங்க கர்ப்பப்பைய தயாரா வைக்கிற புரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் மருந்து, அது போட்டா மார்பு வலிக்கும், வயிறு உப்பும், அசதியா வரும். கர்ப்பம்னாலும் இதேதான், பீரியட்ஸ் வரப்போகுதுன்னாலும் இதேதான். ஒவ்வொரு தடவ பாத்ரூம் போறப்பவும் ரத்தம் இருக்கான்னு பாத்துட்டு வர்றது ஒரு வேலையாவே ஆயிடும். பொறுக்க முடியாம கர்ப்ப டெஸ்ட் கிட் வாங்கி முன்கூட்டியே பாத்தா, ட்ரிக்கர் ஊசியோட எச்.சி.ஜி., அதான் கிட் தேடுற கர்ப்ப ஹார்மோன், உடம்புல மிச்சம் இருந்து கர்ப்பம்னு ரெண்டு கோடு காட்டி ஏமாத்தும். எனக்கு காட்டுச்சு. மூணு நாள் கழிச்சு பாத்தா ஒத்த கோடு. அந்த மூணு நாள் நான் அம்மா, நடுவர் அவர்களே. இத எந்த சார்ட்ல எழுதுவீங்க?

எதிரணி தங்கச்சி "டென்ஷனானா கரு நிக்காது"ன்னு போற போக்குல சொல்லிட்டு போச்சு. 2011ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 14 ஆய்வுகள சேத்து 3,500 பேருக்கு மேல பாத்தாங்க, ட்ரீட்மெண்டுக்கு முன்னாடி இருந்த மன உளைச்சலுக்கும் கரு தங்குறதுக்கும் தொடர்பு தெரியலன்னுதான் முடிவு. ஆனா தங்கச்சி சொன்ன அந்த ஒரு வரியால, காத்திருக்கிறவ அழுறதுக்கே பயப்படுறா, அழுதா அதுனாலயே போயிடுமோன்னு. புருஷன் பக்கம் கோளாறு இருந்தாலும் ஊசியும் இவளுக்குத்தான் பழியும் இவளுக்குத்தான், அது தனி பட்டிமன்றம்.

பின்னாடி குழந்தை பெத்துக்கலாம்னு முட்டைய எடுத்து ஃப்ரீஸ் பண்றவங்க கத? 2012லயே அமெரிக்க இனப்பெருக்க மருத்துவ சங்கம் இது இனிமே சோதனை முறை இல்லன்னு சொல்லிருச்சு, நல்ல விஷயம்தான். ஊசியும் அங்க ரெண்டே வாரம். ஆனா உருக்கி எடுத்து பாத்தாத்தான் எது பிழைச்சுது எது கருவாகும்னு தெரியும், அதுக்கு அஞ்சு வருஷமும் ஆகலாம் பத்து வருஷமும் ஆகலாம், நிறைய பேர் திரும்பி போயி எடுக்கறதே இல்ல. இவங்க காத்திருப்புக்கு 2 வாரம்ங்கற கணக்கு கூட கிடையாது அண்ணே.

மணி அடிச்சுட்டீங்க, சரி. நாலு நிமிஷத்துல அடிப்பேன்னு மேடை ஏறும்போதே சொல்லிட்டீங்க, அதான் நான் நிம்மதியா பேசுனேன். ரெண்டாவது ரவுண்டுல காலைல ரத்தம் குடுத்துட்டு வந்தேன், மதியத்துக்குள்ள கூப்பிடுறோம்னாங்க, சாயங்காலம் ஆறு மணிக்குதான் போன் அடிச்சுது. எடுக்க கை வரல. நாலு ரிங் போனப்புறம்தான் எடுத்தேன். உக்காந்துக்கறேன்.