ஆலையில்லா ஊர்த் தங்கம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வீரனுக்கு அழகு வெற்றியா, நேர்மையா என்பது தலைப்பு. நாங்கள் நேர்மை. சரி, தலைப்பு எங்கும் ஓடிவிடாது, அப்புறம் பார்ப்போம்.

எங்கள் அணி பிரிட்டிஷ் ஓட்டக்காரர் விண்ட்ஹாம் ஹால்ஸ்வெல் பெயரை எடுத்ததும் எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "தனியாக ஓடித் தங்கம் வாங்கியவர்தானே? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!" நீங்களும் கைதட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணே, அது இலுப்பைப்பூ அல்ல, கரும்பு! 1906-இல் ஸ்காட்லாந்து போட்டியில் ஒரே நாளில் 100, 220, 440, 880 கெஜம் நான்கிலும் ஜெயித்தவர் அவர். 1908 லண்டன் ஒலிம்பிக், 400 மீட்டர் அரையிறுதியில் 48.4 நொடி, ஒலிம்பிக் சாதனை.

இறுதிப் போட்டிக்கு வாருங்கள். இவர் ஒருவர், எதிரே அமெரிக்கர்கள் மூவர். தடத்தில் கோடு கிடையாது. கடைசி நேர்ப்பாதையில் இவர் வெளிப்பக்கமாக முந்தப் பார்க்கிறார். முன்னால் ஓடும் அமெரிக்கர் கார்பென்டர் இவர் பக்கம் சாய்கிறார். இவர் இன்னும் விலகுகிறார், அவர் இன்னும் சாய்கிறார். ஸ்கூட்டரை பஸ் ஓரங்கட்டுமே, அதே மாதிரி! இன்னும் விலகினால் பார்வையாளர் மடியில்தான் உட்கார வேண்டும். உடனே வெற்றி நாடாவை அறுத்தே விட்டார்கள். யார்? நடுவர்கள்! ஐயா, உங்கள் ஆட்கள்தான்.

கார்பென்டர் நீக்கப்பட்டார். அவர்கள் ஊர் விதியில் அது தப்பில்லையாம், இருக்கட்டும். இரண்டு நாள் கழித்துக் கயிறு கட்டித் தடம் பிரித்து, மறு ஓட்டம். மற்ற இரு அமெரிக்கர்கள் ராபின்ஸும் டெய்லரும் வரவில்லை. கயிறு இருக்கிறது, தடம் இருக்கிறது, ஓட ஒரே ஆள். நானாக இருந்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்திருப்பேன். அண்ணன் பாதியில் டீ குடித்திருப்பார். ஹால்ஸ்வெல் 50 நொடியில் ஓடி முடித்தார். துரத்த ஆளில்லாமல், ஐம்பதே நொடி! அதோடு சரி, அந்த வருடமே ஓட்டத்தை விட்டுவிட்டார்.

தலைப்புக்கு வரச் சொல்லி நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரு நிமிடம் ஐயா.

1915 மார்ச் 31. முதல் உலகப்போர். பிரான்ஸ், நவ் ஷாப்பெல் போர்முனை. ஹால்ஸ்வெல் அப்போது ராணுவ கேப்டன், வயது 32. மறைந்திருந்து சுட்டவனின் குண்டில் அங்கே இறந்தார். எதற்காக வெளியே வந்தார் தெரியுமா? அடிபட்டுக் கிடந்த சக அதிகாரியைத் தூக்கிவர.

ஆளே இல்லாமல் ஓடினார் என்றீர்களே அண்ணே, அன்றைக்கு ஒரு ஆள் இருந்தார். அவரை நோக்கித்தான் போனார்.

மணி அடியுங்கள் ஐயா, உட்காருகிறேன்.