கால்வெரோவின் கடைசி மேடை

நேயர்களுக்கு வணக்கம்.

மேடைக் கலைஞர் ஒருவருக்கு வயதாகும்போது அவரை விட்டு முதலில் போவது எது? குரல் என்பார்கள் சிலர். கால் ஓய்ந்துபோகும், வசனம் மறந்துபோகும் என்பார்கள் வேறு சிலர். சார்லி சாப்ளின் எழுதி, இயக்கி, நடித்து 1952-இல் வெளிவந்த 'லைம்லைட்' படத்தில் கால்வெரோ என்றொரு பழம்பெரும் நகைச்சுவைக் கலைஞர் வருகிறார். அவருக்குப் பாட்டும் மறக்கவில்லை, வித்தையும் மறக்கவில்லை. சபையோடு இருந்த ஒட்டுறவுதான் அறுந்துவிட்டது. வயோதிகக் கலைஞரின் துயரத்தை இவ்வளவு நுட்பமாகக் கண்டுகொண்ட இன்னொரு படத்தை நான் பார்த்ததில்லை.

கதை நடப்பது லண்டனில், 1914-ஆம் ஆண்டுக் கோடையில். கால்வெரோ நன்றாகக் குடித்துவிட்டுத் தன் வாடகை வீட்டுக்கு வருகிறார். சாவித் துவாரம் அகப்படாமல் தடுமாறுகிறார். உள்ளே வந்தால் ஏதோ நாற்றம். எதையாவது மிதித்துவிட்டோமோ என்று காலணியின் அடியைத் திருப்பிப் பார்க்கிறார். கீழ் அறையிலிருந்து கசியும் காஸ் நாற்றம் அது. கதவை உடைத்துப் போனால், டெர்ரி என்ற இளம் நடனக்காரி உயிரை விட முயன்று மயங்கிக் கிடக்கிறாள். பிழைத்த பிறகும் அவளால் நடக்க முடியவில்லை. கால்களில் கோளாறு இல்லை. நடக்க முடியாது என்று மனம் முடிவு கட்டிவிட்டது.

அதற்குப் பிறகு கால்வெரோ பேசுகிறார். பேசிக்கொண்டே இருக்கிறார். உயிரின் அருமை, அச்சம், நம்பிக்கை என்று பேச்சு ஓய்வதே இல்லை. ஊமைப்படத்தின் மன்னர் இப்படிப் பேசித் தீர்க்கிறாரே என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சுதான் படத்தின் உயிர்நாடி. ஆயிரம் பேருக்கு முன் நின்ற மனிதருக்கு இப்போது கட்டிலில் படுத்திருக்கும் ஒரு பெண்தான் சபை. அவளைச் சிரிக்கவைக்க வேண்டும், எழுந்து நிற்கவைக்க வேண்டும். அந்தச் சின்ன அறையில் அவர் மறுபடியும் தொழில் செய்கிறார்.

இரவில் கனவு வருகிறது. கனவில் தெள்ளுப்பூச்சிகளை வைத்து வேடிக்கை காட்டுகிறார். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை அதட்டிக் கொஞ்சி வேலை வாங்கும் அந்த நடிப்பில் ஒரு குறையும் இல்லை. முடித்துவிட்டு அரங்கைப் பார்க்கிறார். நாற்காலிகள் அத்தனையும் காலி.

ஏன் இந்த நிலை? டெர்ரியிடம் அவரே சொல்கிறார். வயது ஏற ஏற ஆழமாகச் சிந்திக்கத் தொடங்கினாராம், கௌரவம் பார்க்கத் தொடங்கினாராம். நகைச்சுவைக் கலைஞனுக்கு அது ஆகாது. சபைமேல் பாசம் குறைந்தது, பயம் வந்தது. பயத்தைப் போக்கக் குடித்தார். குடிக்காமல் மேடையேறினால் சிரிப்பு வரவில்லை; குடித்தால் உடம்பு தாங்கவில்லை.

இதைச் சாப்ளின் நேரில் பார்த்தே எழுதியிருக்கிறார். பிராங்க் டின்னி என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் உச்சத்தில் இருந்தபோது பார்த்து வியந்தவர், சில ஆண்டுகள் கழித்து அதே மனிதர் மேடையில் தன்னம்பிக்கை இழந்து கூசி நின்றதைப் பார்த்து அதிர்ந்துபோனார். அதிலிருந்து பிறந்த எண்ணம்தான் இந்தப் படம் என்று தன் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார்.

குடியைத் தெரிந்துகொள்ள அவர் வெளியே போக வேண்டியதில்லை. தந்தையார் லண்டன் மியூசிக் ஹால்களில் பாடியவர். பாட்டு, நகைச்சுவை, வித்தை எல்லாம் கலந்து நடக்கும் அந்த அரங்குகளுக்குள்ளேயே மதுக்கூடமும் இருந்தது. பாடி முடித்த கலைஞர் அங்கே போய் ரசிகர்களோடு குடிக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. சில அரங்குகளுக்கு நுழைவுச்சீட்டைவிட மதுவில்தான் வருமானம். அந்தத் தொழில் கொடுத்த குடியே அவரைக் கொன்றது. 1901-இல் இறந்தபோது அவருக்கு வயது 38.

படத்தின் சிறந்த இடத்துக்கு வருகிறேன். கால்வெரோவுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. குடிக்காமல், தன் பெயரையும் மறைத்துக்கொண்டு மேடையேறுகிறார். பழைய பாட்டு, பழைய துள்ளல். சிரிப்பு எழவில்லை. கொட்டாவி விடுகிறார்கள், பாதியில் எழுந்து போகிறார்கள். ஒப்பனை அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்து அரிதாரத்தைத் துடைக்கிறார். துடைக்கத் துடைக்கக் கோமாளி மறைந்து கிழவர் வெளிப்படுகிறார். அந்த முகத்தைக் காமிரா வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் வெளிவந்தபோது சாப்ளினுக்கு 63 வயது. அந்தச் சுருக்கங்களை மறைக்க அவர் எதுவுமே செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து, இனி எழவே முடியாது என்று அழுகிறார். இத்தனை நாள் அவளுக்குச் சொன்ன உபதேசம் ஒன்றும் அவருக்கு உதவவில்லை. இப்போது டெர்ரி அவருக்குத் தைரியம் சொல்கிறாள், கோபமாக, ஆவேசமாக. சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று உணர்கிறாள், தான் எழுந்து நடந்துகொண்டிருக்கிறோம் என்று. எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அவருடைய பேச்சு அவளை நிமிர்த்தவில்லை, அவருடைய வீழ்ச்சிதான் நிமிர்த்தியது.

டெர்ரி பெரிய நடனக்காரி ஆகிறாள். அவரையே மணந்துகொள்ளவும் விரும்புகிறாள். அது நன்றியுணர்வு என்பது கால்வெரோவுக்குத் தெரியும். சொல்லாமல் விலகிப் போய், தெருப் பாடகர்களோடு சேர்ந்துகொள்கிறார். மதுக்கடைகளில் பாடித் தொப்பியை நீட்டுகிறார். தெரிந்தவர்கள் எதிரே வரும்போதும் அவருக்கு வெட்கமில்லை. உலகமே மேடை என்றால் தெருதான் அதில் உண்மையான மேடை என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். சோகக் காட்சி என்று பலர் நினைப்பது இதை. எனக்கோ, படத்திலேயே அவர் பயமில்லாமல் இருக்கும் இடம் இது. அங்கே காப்பாற்றவேண்டிய பெயர் எதுவும் இல்லை.

பிறகு அவருக்காகச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்கிறார்கள். அதில் அவருக்குத் துணையாக வருபவர் பஸ்டர் கீட்டன். ஊமைப்படக் காலத்தின் இரண்டு சிகரங்கள் ஒன்றாக நடித்த ஒரே படம் இதுதான். கீட்டன் பியானோ முன் உட்கார, இசைத்தாள்கள் சரிந்து சரிந்து விழுகின்றன. வயலினோடு நிற்கும் சாப்ளினின் கால் ஒன்று கால்சட்டைக்குள் சுருங்கிக் காணாமல் போகிறது. ஒரு வசனம் இல்லை. கதையை விட்டுவிட்டு இந்தச் சில நிமிடங்களை மட்டும் பார்த்தாலும் போதும்.

ஆட்டத்தின் முடிவில் மேடையிலிருந்து விழுகிறார், முரசுக்குள். நெஞ்சுவலி வந்துவிட்டது. மேடையின் ஓரத்தில் அவர் உயிர் பிரியும்போது டெர்ரி மேடையில் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

படம் வெளிவந்த கதையும் வேதனையானது. லண்டனில் நடக்கவிருந்த முதல் காட்சிக்காக 1952 செப்டம்பரில் குடும்பத்தோடு கப்பலேறினார் சாப்ளின். நடுக்கடலில் இருக்கும்போதே அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் படம் திரையிடப்பட 20 ஆண்டுகள் ஆயின. அந்த நகரில் திரையிட்ட பிறகே ஒரு படம் ஆஸ்கருக்குப் போட்டியிட முடியும்; அதனால்தான் அதன் இசைக்கு ஆஸ்கர் விருது 1973-இல் கிடைத்தது.

கால்வெரோவின் சாவு மிகையான உருக்கம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 1894-இல் ஆல்டர்ஷாட் என்ற ஊரில் சாப்ளினின் அம்மா ஹன்னா மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது குரல் உடைந்தது. சபை கூச்சலிட்டு விரட்டியது. அரங்க மேலாளர் ஐந்து வயது சார்லியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மேடையில் விட்டார். பையன் பாடினான், காசு மழையாக விழுந்தது. பொறுக்கிவிட்டுத்தான் மேலே பாடுவேன் என்றான். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அவனுக்கு அது முதல் மேடை, அம்மாவுக்கு அதுவே கடைசி. அம்மாவைக் கூச்சலிட்டு அனுப்பிய சபையைத்தான் கால்வெரோவின் கடைசி இரவில் எழுந்து கைதட்டவைத்தார் சாப்ளின் என்று நான் நம்புகிறேன்.

நன்றி, வணக்கம்.